பத்தியமும் பிராயச்சித்தமும்

மருந்து கொடுப்பதற்கு முன்னால் நோயாளியின் யோக்கியதையைச் சோதித்துப் பார்க்க வைத்தியருக்கு உரிமை உண்டா? காலை ஒடித்துக்கொண்டு வந்தவனிடம், "முதலில் பத்து நாள் ஒழுங்காக நடந்து காட்டு, அப்புறம் கட்டுப் போடுகிறேன்" என்று எந்த வைத்தியரும் சொல்லி நான் கேட்டதில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பள்ளத்தில் விழுந்தவனுக்குக்கூட முதலில் கட்டுத்தான், உபதேசம் அப்புறம். ஆனால் மிதமிஞ்சிப் பருத்துவிட்ட உடம்பைக் குறைப்பதற்காகச் செய்கிற ஆபரேஷன் விஷயத்தில் மட்டும் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது போலத் தோன்றுகிறது. இளைப்பதற்கு வழி கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவனிடம், "முதலில் கொஞ்சம் இளைத்துவிட்டு வா" என்கிறார்கள். சாப்பாட்டுப் பழக்கத்தை மாற்று என்கிறார்கள். சிகரெட்டை விடு, தினமும் நட, மென்று தின், என்ன தின்றாய் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வை என்கிறார்கள். "இவ்வளவும் என்னால் முடியுமானால் உங்களிடம் நான் எதற்காக வருகிறேன்?" என்று அவன் திருப்பிக் கேட்டால் என்ன பதில் சொல்வது?

வேடிக்கையான கேள்விதான். ஆனால் இந்தக் கேள்வியோடு இரண்டு மாத காலம் மல்லுக்கட்டிய ஒரு மனிதரை நான் அறிவேன். கும்பகோணத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் நண்பர் அவர். நாற்பத்து நாலு வயது. 131 கிலோ எடை. சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. இரவில் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதால், மூக்கில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு படுக்க வேண்டும். இருபது வருஷமாக அவர் பார்க்காத வைத்தியம் இல்லை. குடிக்காத கஷாயம் இல்லை. ஒவ்வொரு தடவையும் பத்துக் கிலோ இறங்கும், பன்னிரண்டு கிலோ ஏறும். கடைசியில் சென்னைக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்வது என்று தீர்மானித்தார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் என்று நாம் சொல்வோமே, அந்தப் பணத்தை எடுத்து உண்மையாகவே வயிற்றைக் கட்டிக்கொள்ளப் புறப்பட்டார். அவருடைய அத்தை சொன்ன வார்த்தை ஊரெல்லாம் பரவிவிட்டது: "வாயைக் கட்டத் தெரியாதவனுக்கு வயிற்றைக் கட்டப் போறாளாம்!"

டாக்டர் அவருக்கு இரண்டு மாதத் தவணை கொடுத்தார். ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் சர்க்கரை போட்ட காப்பி குடித்தவர் அதை விட்டார். சிகரெட்டை விட்டார். காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி நடந்தார். இரண்டு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தது. அப்போதுதான் வினை ஆரம்பித்தது. "பார்த்தாயா, மனசு வைத்தால் முடிகிறதே! இன்னும் எதற்குக் கத்தி?" என்று நாலு பேர் கேட்டார்கள். "இதையே இருபது வருஷத்துக்கு முந்திச் செய்திருக்கக் கூடாதோ?" என்று இன்னும் நாலு பேர். அவர் என்னிடம் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் புரியவில்லை சார். இளைக்காமல் இருந்தபோதும் குற்றவாளி, இளைத்த பிறகும் குற்றவாளி."

இந்த வாக்கியம்தான் என்னை இந்த விஷயத்தைப் பற்றி யோசிக்க வைத்தது.

அவர் சொன்னதில் மிகை இல்லை என்பதற்கு இன்ஷூரன்ஸ் விதிகளே சாட்சி. கிலோ கணக்கில் உள்ள எடையை, மீட்டர் கணக்கில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். நம் நாட்டு இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்துக் கொடுத்த வாசகத்தின்படி, அந்த எண் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்த ஆபரேஷனுக்குப் பணம் கேட்கலாம். 35-க்கு மேல் மட்டுமே என்றால் கடுமையான சில வியாதிகளும் கூட இருக்க வேண்டும். அதோடு, எளிய முறைகளில் எடையைக் குறைக்க முயன்று தோற்றிருக்கவும் வேண்டும். அதாவது முதல் வாசலில் தோல்விக்குச் சான்று கேட்கிறார்கள். அமெரிக்காவிலோ பல இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஒரு படி மேலே போய், மூன்று மாதமோ ஆறு மாதமோ டாக்டர் மேற்பார்வையில் உணவைக் குறைத்துக் காட்டினால்தான் பணம் என்று நிபந்தனை போட்டு வந்தன. அங்கே இரண்டாவது வாசலில் வெற்றிக்குச் சான்று. தோற்றவன்தான் உள்ளே வரலாம், ஆனால் ஜெயித்துக் காட்டிவிட்டு வர வேண்டும்! இந்த ஆபரேஷன்களைச் செய்யும் அமெரிக்க மருத்துவர்களின் சங்கமே 2016-ல் இதைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. இப்படி இன்ஷூரன்ஸ்காரர்கள் கட்டாயப்படுத்துவதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை, நோயாளிகளின் சிகிச்சை தாமதப்படுவதுதான் மிச்சம் என்பது அவர்கள் கட்சி.

அப்படியானால் ஆபரேஷனுக்கு முந்திய பத்தியம் முழுவதுமே வீண் சடங்குதானா? இங்கேதான் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

கல்லீரலின் இடது மடல் இரைப்பையின் மேல் கவிந்து கிடக்கிறது. பருத்த உடம்பில் அந்தக் கல்லீரலும் கொழுப்பேறிப் பெருத்துக் கனத்திருக்கும். வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, அவற்றின் வழியே காமிராவையும் கருவிகளையும் செலுத்தி வேலை செய்கிற டாக்டர், இரைப்பையைப் பார்ப்பதற்கே முதலில் இந்த மடலைத் தூக்கிப் பிடித்தாக வேண்டும். கொழுப்பேறிய மடல் எளிதில் கிழியும், கிழிந்தால் ரத்தம். ஆகவே கடைசி இரண்டு வாரம் முதல் நான்கு வாரம் வரை, நாளைக்கு 800 முதல் 1000 கலோரிக்குள் அடங்கும்படி, சோற்றையும் மாவையும் சர்க்கரையையும் வெகுவாகக் குறைத்துப் புரதமும் திரவமுமாகக் கொடுத்தால், கல்லீரலில் தேங்கிய கொழுப்பும், சேமித்து வைத்த சர்க்கரைச் சத்தும், அதோடு ஒட்டிய நீரும் கரைந்து அது சுருங்கிவிடுகிறது. டாக்டரின் கைக்கு இடம் கிடைக்கிறது. சிகரெட்டை விடச் சொல்வதற்கும் இதே மாதிரி காரணம்தான்: புகை, காயம் ஆறுவதைக் கெடுக்கும், குடலை மேலே இழுத்து இணைக்கிற முறையில் அந்த இணைப்பிலே புண் வைக்கும்.

தமிழில் இதற்குச் சரியான சொல் இருக்கிறது. பத்தியம். விரதம் இருக்கிறவன் தெய்வத்தை நினைத்துப் பசித்திருக்கிறான். பிராயச்சித்தம் செய்கிறவன் தன் பாவத்தை நினைத்துப் பசித்திருக்கிறான். பத்தியம் இருக்கிறவனுக்கு மருந்து ஒன்றுதான் நினைவு. புளியைத் தள்ளு, கத்தரிக்காயைத் தொடாதே என்று நாட்டு வைத்தியர் சொன்னால், இதுவரையில் கத்தரிக்காய் தின்ற பாவத்துக்காக யாரும் கண்ணீர் விடுவதில்லை. மருந்துக்குக் குறுக்கே அது நிற்கிறது என்று ஒதுக்கிவிட்டுப் போகிறோம். அதில் அவமானமும் இல்லை, பெருமையும் இல்லை. திருவள்ளுவர்கூட 'மருந்து' என்று பெயர் வைத்த அதிகாரத்தில் மூலிகை எதையும் சொல்லவில்லை. பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுகிறார்.

என் நண்பருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது பத்தியம். அவரைச் சுற்றியிருந்தவர்கள் அதைப் பிராயச்சித்தமாக மாற்றிவிட்டார்கள். பிராயச்சித்தம் ஆகிவிட்டால், அது முடிந்ததும் பாவம் தீர்ந்தாயிற்றே, பிறகு ஆபரேஷன் எதற்கு என்ற கேள்வி தானாக வந்துவிடும். அத்தையின் தர்க்கத்தில் பிசகில்லை. அவள் எடுத்துக்கொண்ட சொல்லில்தான் பிசகு.

அத்தையைக் காட்டிலும் பெரியவர் ஒருவரும் இந்தக் கட்சியில் இருக்கிறார். காந்தியடிகள் 1909-ல் எழுதிய 'இந்திய சுயராஜ்யம்' நூலில் டாக்டர்களைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. அதில் அவர் சொல்வதன் சாரம் இது: நான் அளவுக்கு மீறித் தின்கிறேன், அஜீர்ணம் வருகிறது, டாக்டர் மாத்திரை கொடுத்துக் குணப்படுத்துகிறார், நான் மறுபடியும் தின்கிறேன். அவர் குறுக்கிடாமல் இருந்திருந்தால் இயற்கை எனக்குத் தண்டனை கொடுத்திருக்கும். நான் என்னை அடக்கி ஆளக் கற்றுக்கொண்டிருப்பேன். இப்படிச் சொன்ன மகான் 1924 ஜனவரியில் எரவாடா சிறையிலிருந்து புனாவிலுள்ள சாசூன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டுக் குடல்வால் ஆபரேஷனுக்கு இசைந்தார். நடுவில் மின்சாரம் போய், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் முடித்தார்களாம். இதை வைத்து அவரை மடக்கிவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. வயிற்றில் வலி வந்துவிட்டால் சித்தாந்தம் வேறு, சிகிச்சை வேறு. அவர் 1909-ல் சொன்ன வாதத்தை அதன் சொந்த பலத்திலேயே எடைபோட வேண்டும். அது பலமான வாதம். தின்ற வினையைத் துடைத்துவிட்டு, மறுபடியும் தின்ன வழிவிடுகிற மருந்து மனிதனைக் குழந்தையாகவே வைத்திருக்கும் என்பதை யார் மறுப்பது?

ஆனால் அந்த வாதம் இந்த ஆபரேஷனைத் தொடவில்லை என்பதுதான் என் கட்சி. இன்று அதிகமாகச் செய்யப்படும் முறையில் இரைப்பையின் முக்கால் பங்கு அளவுக்கு வெட்டி எடுத்துவிட்டு, வாழைக்காய் போல ஒரு குழாயை மட்டும் விட்டு வைக்கிறார்கள். அதன் பிறகு பழைய மாதிரி தின்னலாம் என்று யாரும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பதில்லை. முதல் வாரங்களில் தண்ணீர் ஆகாரம், பிறகு மசித்தது, பிறகுதான் ஒரு இட்லி, அதையும் அரைமணி நேரம் மென்று. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. வைட்டமினும் இரும்புச் சத்தும் ஆயுள் முழுவதும் கவனித்து வர வேண்டும். வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை. கவனம் தப்பினால் எடை திரும்பவும் ஏறும். அப்படி ஏறியவர்கள் உண்டு. சபரிமலைக்கு மாலை போட்டவனுக்கு நாற்பத்தொரு நாளில் மாலையைக் கழற்றும் நாள் வந்துவிடும். மறுநாள் பெட்டிக்கடை வாசலில் அவனைப் பழையபடி பார்க்கலாம். இங்கே அந்த நாள் வருவதே இல்லை. புலனடக்கத்திலிருந்து தப்பி ஓடுகிறவனுக்கு இது நல்ல வழி அல்ல. வேறு சுலபமான வழிகள் எத்தனையோ இருக்கின்றன.

அப்படியானால் ஒன்பது கிலோ குறைந்தவர் பத்தொன்பது, இருபத்தொன்பது என்று தானாகவே ஏன் போகக் கூடாது? இதற்கு மனவுறுதியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. உடம்பைப் பற்றிப் பேச வேண்டும். 1999-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் இரைப்பையில் சுரக்கிற ஒரு பொருளைக் கண்டுபிடித்தார்கள். கிரெலின் என்று பெயர். பசியைத் தூண்டுவது அதன் தொழில். பட்டினி கிடந்து இளைத்தவனுக்கு இது குறைவதில்லை, கூடுகிறது. மெல்போர்னில் பருமனான ஐம்பது பேரைப் பத்து வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் இளைத்தார்கள். ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அவர்களுடைய உடம்பு பசியைத் தூண்டும் சுரப்புகளை மேலேயும், போதும் என்று சொல்லும் சுரப்புகளைக் கீழேயும் வைத்திருந்தது. இது வெளியானது 2011-ல். இளைத்தவன் ஒரு வருஷமாக அனுபவித்த பசி, கொஞ்சமும் இளைக்காத அவனுடைய அத்தை அறியாத பசி. வெட்டி எடுக்கப்படும் இரைப்பையின் மேல்பகுதிதான் கிரெலின் மிகுதியாகச் சுரக்கிற இடம் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் பழைய சாட்சி ஒன்று உண்டு. இரண்டாவது உலக மகாயுத்தத்தின் கடைசி வருஷத்தில், அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். அந்த இளைஞர்கள் சாமானியர்கள் அல்லர். கொலை செய்ய மாட்டோம் என்று மனச்சாட்சியின் பேரில் யுத்தத்துக்குப் போக மறுத்தவர்கள். யுத்த காலத்தில் ஒரு தேசமே எதிர்த்து நிற்கும்போது தன் கொள்கையில் நின்றவனுக்கு மனவுறுதி இல்லை என்று சொல்ல முடியுமா? அவர்கள் பருத்தவர்களும் அல்லர். இருந்தும் சில வாரங்களில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பு இல்லாமல் போயிற்று. சமையல் புத்தகங்களை வாங்கி வாசித்தார்கள். தட்டை நக்கினார்கள். எரிச்சலும் சோர்வும் மிகுந்தன. அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது ஏறத்தாழ 1600 கலோரி. நம் ஊரில் இன்று எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுக்கப்படுகிற உணவுப் பட்டியலில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கிறது!

ஸ்வீடன் தேசத்தில் 1987-ல் தொடங்கிய ஓர் ஆராய்ச்சியில், ஆபரேஷன் செய்துகொண்ட 2010 பேரையும், அதே மாதிரி பருமனாயிருந்து வழக்கமான சிகிச்சையில் இருந்த 2037 பேரையும் தொடர்ந்து கவனித்தார்கள். 2007-ல் கணக்கை வெளியிட்டார்கள். சராசரி பதினோரு வருஷத்துக்குள் முதல் கூட்டத்தில் 101 பேரும், இரண்டாவது கூட்டத்தில் 129 பேரும் இறந்திருந்தார்கள். வித்தியாசம் மலையளவு இல்லைதான். ஆனால் அந்த இருபத்தெட்டுப் பேரில் ஒருவர் நம் வீட்டு மனிதராக இருந்தால் மலையளவுதான்.

இனி, பத்தியத்தைப் பரீட்சையாக வைக்கிறவர்களின் வாதம். ஆபரேஷனுக்குப் பின் ஆயுள் முழுவதும் கட்டுப்பாடு தேவை. முன்னால் இரண்டு மாதம் கட்டுப்பாடாக இருக்க முடியாதவன் பின்னால் எப்படி இருப்பான்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. குடியால் கல்லீரல் கெட்டவர்களுக்கு மாற்றுக் கல்லீரல் வைக்கும் விஷயத்திலும் இதே வாதம் நடந்தது. ஆறு மாதம் குடிக்காமல் இருந்து காட்ட வேண்டும் என்பது பல இடங்களில் வழக்கம். ஆறு மாதம் உயிர் தாங்காது என்று தெரிந்த 26 பேருக்கு, பிரான்ஸ், பெல்ஜியம் தேசத்து டாக்டர்கள் காத்திருக்காமல் மாற்றுக் கல்லீரல் வைத்தார்கள். 2011-ல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, ஆறு மாத முடிவில் நூற்றுக்கு 77 பேர் உயிரோடு இருந்தார்கள். வைக்கப்படாதவர்களில் நூற்றுக்கு 23 பேர். அங்காவது தானமாக வருகிற கல்லீரல் ஒன்று, கேட்கிறவர்கள் பலர். ஒருவனுக்குக் கொடுத்தால் இன்னொருவனுக்கு இல்லை. யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி வரத்தான் செய்யும். இங்கே அவனவன் வயிற்றை அவனவனுக்கே சிறிதாக்கிக் கொடுக்கிறார்கள். யார் பங்கை யார் பறித்துக்கொண்டார்கள், பரீட்சை வைப்பதற்கு?

பரீட்சை என்றால் தேறாதவனை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஒத்திகை என்றால் வசனம் மறந்தவனுக்கு இன்னொரு தடவை சொல்லிக் கொடுக்க வேண்டும். நல்ல டாக்டர்கள் ஒத்திகைதான் நடத்துகிறார்கள் என்று நினைக்கிறேன். என் நண்பர் எழுதிய நோட்டுப் புத்தகத்தில் முதல் மூன்று வாரத்தைப் பார்த்த டாக்டர் அம்மாள், எடை எவ்வளவு குறைந்தது என்று கேட்கவில்லையாம். "ராத்திரி பத்தரை மணிக்கு என்ன நடக்கிறது?" என்று கேட்டாராம். அப்போதுதான் இவரே கவனித்தார்: கடையை மூடிக் கணக்குப் பார்த்து, கணக்கு இடிக்கிற நாளில் எல்லாம் பத்தரை மணிக்கு ஒரு பொட்டலம் அல்வாவோ, மிக்ஸரோ காலியாகியிருக்கிறது. கணக்கு நேர்பட்ட நாளில் வெறும் மோர். வயிற்றுக்கும் அந்த அல்வாவுக்கும் சம்பந்தமே இல்லை. கத்தியால் வெட்டி எடுக்க முடியாத பசி அது. அதை முன்னாலேயே அடையாளம் கண்டுகொண்டது, அவர் இழந்த ஒன்பது கிலோவைவிடப் பெரிய லாபம் என்று எனக்குப் படுகிறது. அதன் பிறகு கணக்கைக் காலையில் பார்ப்பது என்று ஏற்பாடு செய்தார். இதற்கு வைராக்கியம் எதுவும் தேவைப்படவில்லை. குமாஸ்தாவை அரைமணி முன்னால் வரச் சொன்னதோடு சரி.

பழக்கம் என்பது நாம் நினைக்கிற மாதிரி ஒரு மனிதனுக்குள் மட்டும் குடியிருப்பதில்லை. அதில் பாதி வீட்டில் இருக்கிறது. கால் பங்கு தெருவில் இருக்கிறது. விருந்தாளி போதும் என்று இலையின் மேல் குனிந்து கையை விரித்து மறைத்தாலும், விரல் இடுக்கில் நெய்யை ஊற்றுகிறதுதான் நமது உபசாரம். "இன்னும் ஒன்றே ஒன்று" என்று சொல்லாமல் இட்லி வைத்தால் அது அன்பில்லாத வீடு. இந்தத் தேசத்தில் பசி நிஜமாகவே ராஜ்யம் செய்த காலங்கள் இருந்தன. அப்போது உண்டான மரியாதை இது. அதைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அதன் நடுவில் உட்கார்ந்து ஒரு மனிதன் எட்டு வாய்ச் சோற்றை அரைமணி நேரம் மெல்லப் பழக வேண்டும் என்றால், ஒத்திகை அவனுக்கு மட்டும் போதாது.

ஆபரேஷன் நடந்து பதினாலு மாதம் ஆகிறது. இப்போது அவர் 88 கிலோ. மூச்சுக் கருவியைப் பரண் மேல் வைத்துவிட்டார். சர்க்கரைக்கு ஒரே ஒரு மாத்திரை. அத்தை, "டாக்டர் கைராசி" என்கிறாள். இவருடைய பங்கைப் பற்றி இன்னும் பேச்சில்லை. தாயார்தான் வெகுநாள் சமாதானம் ஆகவில்லை. பரிமாறிவிட்டு, பிள்ளை போதும் என்று சொன்ன பிறகும் கரண்டியோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாராம். நிற்பதைப் பார்த்தால் இவருக்குத் தொண்டையில் சோறு இறங்காது. கடைசியில் ஒரு நாள், "அம்மா, நீயும் இலை போட்டுக்கொண்டு என்னோடு உட்கார்" என்று சொல்லியிருக்கிறார். கல்யாணமாகி வந்த நாள் முதல் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் தனியாகச் சாப்பிட்டே பழகியவர் அந்த அம்மாள். முதல் இரண்டு நாள் கூச்சப்பட்டுக்கொண்டு அவசர அவசரமாகச் சாப்பிட்டு எழுந்துவிட்டாராம். இப்போது இருவரும் சேர்ந்து அரைமணி நேரம் சாப்பிடுகிறார்கள். அந்த அம்மாளுக்கு மெல்லுவதற்குப் பல் குறைவு. அதனால் சில நாள் பிள்ளைதான் முதலில் முடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறதாம்.